ஆறாம் அறையின் மணி

ஆவுடையப்பன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் மரியபுஷ்பத்திடம் தொழில் கற்கப் போனார். அவருடைய மகளைவிட அவள் இளையவள். அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

மலையடிவாரத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு தொல்லை. ஆறாம் அறையில் இருந்த பாக்கியத்தம்மாள் இறந்துபோய், அறையைப் பூட்டியாகிவிட்டது. அவள் கட்டிலின் அழைப்பு மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் பட்டப்பகலில். பொத்தானையும் ஒயரையும் புதிதாக மாற்றியும் நிற்கவில்லை. பயந்துபோய் இரண்டு பேர் இல்லத்தையே காலி செய்துவிட்டார்கள்.

அறையின் சாவி ஆயா செல்லக்கனியிடம் இருந்தது. எனவே சந்தேகம் அவள்மேல்.

மரியபுஷ்பம் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு என்ற உள்ளங்கையளவு மின்னணுப் பலகை ஒன்றைக் கொடுத்து ஆவுடையப்பனை அனுப்பினாள். அதன் இரண்டு ஒயர்களையும் மணியின் ஒயரில் மாட்டி, லேப்டாப்பில் இணைத்துவிட்டால் போதும். யாராவது பொத்தானை அமுக்கினால் திரையில் கோடு மேலேறும், விட்டால் இறங்கும். மின்குறிப்புகளைப் படித்துக் காட்டும் விலை உயர்ந்த லாஜிக் அனலைசர் செய்கிற வேலையை அந்தப் பொடிசு செய்துவிடும்.

அவர் காலையில் மாட்டிவிட்டு வந்தார். மத்தியானம் போய்ப் பார்த்தால், திரை முழுக்கக் கோடு துள்ளியிருந்தது.

"யாரோ உள்ள போய் அமுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க," என்று மேலாளரிடம் அடித்துச் சொன்னார்.

டீ கொண்டுவந்த செல்லக்கனியிடமிருந்து மேலாளர் சாவியைப் பிடுங்கி மேசையில் போட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். செல்லக்கனிக்குப் புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் கையில் இருந்த டீயை ஆவுடையப்பனிடம் நீட்டினாள்.

அப்போது மணி அடித்தது.

செல்லக்கனி அவர் கண் முன்னால் நிற்கிறாள். சாவி மேசைமேல் கிடக்கிறது. ஆவுடையப்பன் டீச்சருக்கு போன் போட்டார்.

மரியபுஷ்பம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"டீச்சர், இங்க நின்னுக்கிட்டே அவ எப்படி அமுக்குதா?"

அவள் அறையைத் திறக்கச் சொன்னாள். செல்லக்கனியையும் உடன் வரச் சொன்னாள்.

உள்ளே இன்னும் தைல வாசனை போகவில்லை. விரிப்பில்லாத மெத்தை. கட்டில் கம்பியில் பொத்தான் தொங்கியது. திரையில் கோடு துள்ளிக்கொண்டிருந்தது.

மரியபுஷ்பம் போர்டின் ஒயரை மணியிலிருந்து பிடுங்கினாள். வெறும் முனை அந்தரத்தில் தொங்கியது. கோடு நிற்கவில்லை.

"இப்ப யாரு அமுக்குதா, சார்?"

ஆவுடையப்பன் அந்த முனையருகே விரலைக் கொண்டுபோனார். கோடு பேய் பிடித்த மாதிரி ஆடியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்னது இது, டீச்சர்?"

"சுவத்துக்குள்ள ஓடுற கரண்டோட சலசலப்பு. எதிலயும் ஒட்டாத ஒயர் அதையும் பிடிக்கும், உங்க விரலையும் பிடிக்கும். போர்டோட ரெண்டாவது ஒயர், அந்தக் கிரவுண்ட் ஒயர், அதை நீங்க மாட்டவே இல்ல. அது இல்லாம எது மேடு, எது பள்ளம்னு போர்டு எதை வச்சுச் சொல்லும்?"

அது அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதில் கோட்டைவிட்டு ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறார். செல்லக்கனியை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப ரெண்டு ஒயரையும் மாட்டுங்க."

மாட்டினார். கோடு அடங்கி, நேராக ஓடியது. மூவரும் நின்றார்கள். கூடத்தில் யாரோ இருமினார்கள். மின்விசிறிகூட ஓடவில்லை.

கோடு மேலேறியது. ஒரே ஒரு தடவை, சுத்தமாக. சற்று நின்றது. பிறகு இறங்கியது. கூடத்தில் மணி அடித்தது.

பொத்தான் அவர்கள் கண் முன்னால்தான் தொங்கியது. ஒருவரும் தொடவில்லை.

"இந்தா வந்துட்டேம்மா," என்றாள் செல்லக்கனி, பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆவுடையப்பன் பொத்தானை விட்டு ஓர் அடி பின்வாங்கினார். "இப்பவும் கரண்டா, டீச்சர்?"

"இல்ல. இது அமுக்கினாத்தான் வரும்."

"யாரு அமுக்குனா?"

"தெரியலயே, சார்."

"மேலாளர் கேப்பாரே. செல்லக்கனி அமுக்குனாளா, இல்லையான்னு கேப்பாரு. ஆமான்னு நான்தான் அடிச்சுச் சொல்லியிருக்கேன். இத்தனை வருஷம் வாத்தியாரா இருந்துட்டு, இப்பப் போய் தெரியலன்னு அவர் முன்னால எப்படி நிப்பேன்?"

செல்லக்கனி வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரியபுஷ்பம் போர்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்கு ஆமா, இல்ல, ரெண்டைத் தவிர வேற பதில் வராது. உங்களுக்கு வருமே, சார்."