விடிந்தபின் ஊதும் கொம்பு

மேகம் வந்து முட்டிக்கொள்ளும் உயரத்தில் நெல்லிப்பாறை என்று ஒரு வேட்டுவர் ஊர் இருந்தது. எந்த ராஜா ஆண்ட காலம் என்று கேட்காதீர்கள். கீழே ராஜாக்கள் மாறியதே அந்த ஊருக்குத் தெரியாது.

அந்த ஊருக்குச் சேந்தன் என்பவன் வில்லோடு ஏறி வந்தான். வயது ஐம்பது. இருபது வருஷம் படையில் வில்லாளியாக இருந்தவன். அவன் விட்ட அம்பு ஒன்றுகூட வீண்போனதில்லை என்று பேச்சு. அந்தப் பேச்சைப் பெரும்பாலும் அவனே பேசினான்.

படை கலைந்துவிட்டது. கீழே அவனுக்காக எரியும் அடுப்பு ஒன்றுகூட இல்லை. இந்த மலையிலேயே ஒரு குடிசை போட்டு, வேட்டைக்காரர்களில் ஒருவனாக இருந்து கண்ணை மூடினால் போதும் என்று நினைத்தான்.

அதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. புதிதாக வருகிறவன் வேட்டைக்குத் தலைமை ஏற்கும் மூப்பனிடம் சீடனாகச் சேர வேண்டும். மூன்று வேட்டைக்குள் அவனுக்காகக் கொம்பு ஊதப்பட வேண்டும். ஊதினால் அவன் ஊரில் ஒருவன். ஊதாவிட்டால் வந்த வழியே இறங்க வேண்டியதுதான்.

ஒரே அம்பில் முடிகிற காரியத்துக்கு மூன்று வேட்டையா என்று சேந்தன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அந்தச் சமயம் ஊரில் இருந்தது மூப்பன் இல்லை, மூப்பத்தி. கொற்றி என்று பெயர். முப்பது வயதுகூட ஆகவில்லை. மகள் வயதுள்ளவளை ‘மூப்பத்தி’ என்று கூப்பிடச் சேந்தனுக்கு நாக்கு கூசியது. அவள் அவனை ‘அண்ணே’ என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட கையோடு வேலையும் ஏவினாள்.

முதல் நாளே அவன் கேட்டான்.

“அம்பு எங்கே பட்டா கொம்பு ஊதுவீங்க, மூப்பத்தி?”

கொற்றி மலைச்சரிவைக் கைகாட்டினாள்.

“போயிட்டு வாங்க அண்ணே” என்று மட்டும் சொன்னாள்.

போனான். வெயில் ஏறுவதற்குள் பதினொரு காட்டுக்கோழிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரே அம்பில் விழுந்தது. எல்லாவற்றையும் ஒரு கோணியில் திணித்து, வாயைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டான். நேரே ஊருக்கு வந்திருக்கலாம். வரவில்லை. எதிர்ச்சரிவில் தேன் எடுப்பவர்கள் பார்க்க வேண்டும், கிழங்கு தோண்டுபவர்கள் பார்க்க வேண்டும் என்று ஊரைச் சுற்றி நடந்து, உச்சி சாய்ந்த பிறகு வந்து சேர்ந்தான்.

கொற்றி கோணியை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டாள். காலையில் செத்த பறவைகள் அப்போதும் வெதுவெதுவென்று இருந்தன. ஒன்றை எடுத்து வயிற்று இறகைப் பிரித்துக் காட்டினாள். தோல் கெட்டுப் பச்சை பாரித்திருந்தது.

மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

பதினொன்றையும் சேந்தன்தான் புதைத்தான். மூப்பத்திக்குப் பொறாமை என்று குழிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே மண்ணைத் தள்ளினான். அன்று மாலைதான் பக்கத்துக் குடிசைக்காரர் அவனுக்கு விவரம் சொன்னார். இந்த ஊரில் கோழி விழுந்த அன்று கொம்பு ஊதுவதில்லை. கறி தின்ற அத்தனை பேரும் மறுநாள் எழுந்து முகம் கழுவிய பிறகுதான் ஊதுவார்கள்.

இரண்டாவது வேட்டைக்கு அவன் கோணி கொண்டுபோகவில்லை. புத்தி வந்துவிட்டது என்று நினைத்தான். பெரிய சேவல் இரண்டைக் காற்றுப் படும்படி முதுகில் தொங்கவிட்டு, குறுக்கு வழியில் ஈச்சம்புதருக்குள் நுழைந்தான். செந்நிறக் கழுத்தும் வால் இறகும் புதருக்கு மேலே ஆடிக்கொண்டே போயின.

எதிர்ப் பாறையில் ஊர்த் தலைவர் கடம்பர் வில்லோடு உட்கார்ந்திருந்தார். மனுஷர் கோழியைப் பார்த்தார், நாணை இழுத்தார், விட்டார்.

கடம்பர் குறி அவ்வளவு நல்ல குறி இல்லை. அதனால் சேந்தனுக்கு இடது காதின் நுனி மட்டும் போயிற்று. ரத்தத்தை நிறுத்தி, பச்சிலை வைத்துக் கட்டி முடிக்கும்வரை சேவல்கள் புதரில் வெயிலிலேயே கிடந்து எறும்பு மொய்த்துவிட்டன. அவையும் குழிக்குத்தான் போயின.

கடம்பரை ஊரே திட்டியது. சேந்தனும் திட்டினான். குருட்டுத் தலைவர் என்றான், கோழி எது ஆள் எது என்று தெரியாதவர் என்றான். கொற்றி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு குழிக்குப் போகவிருந்த சேவல் ஒன்றைத் தன் முதுகில் போட்டுக்கொண்டு அதே புதருக்குள் போனாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“என்ன தெரியுது அண்ணே?”

சேந்தன் பார்த்தான். கழுத்து ஆடியது. வால் ஆடியது.

“கோழி.”

“நாணை இழுங்க.”

வில்லை எடுத்தான். நாணில் விரலை வைத்தான், இழுக்கவில்லை. வில்லைத் தாழ்த்திவிட்டான்.

கொற்றி வெளியே வந்தாள். மஞ்சளில் முக்கிக் காயவைத்த துணி ஒன்றை எடுத்து அவனிடம் தந்தாள். தூக்கி வருகிற பறவையை இதால் மூடிக்கொள்ள வேண்டும் என்றாள். சேந்தனும் அன்றைக்குப் பிறகு கடம்பரைத் திட்டவில்லை.

மூன்றாவது வேட்டை தினை அறுத்த விருந்துக்காக வந்தது. ஊரில் அறுபது பேர், அறுபது பேருக்கும் கறி. இந்தத் தடவை தவறினால் அடுத்தது கிடையாது. விருந்துக்கு முந்தின வாரம் முழுக்கச் சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பது வயதில் ஒரு மனுஷன் மூட்டையைக் கட்டிக்கொண்டு, யாருமில்லாத ஊருக்கு மலை இறங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பயந்தான்.

விருந்தன்று விடிகாலையில் கிளம்பினான். கடம்பரும் கூட வந்தார். பழைய தவறுக்கு வழித்துணை என்று சொல்லிக்கொண்டார்.

கோழிகள் விழுந்தன. சேந்தன் ஓடிப்போய் எடுக்கவில்லை. நாணைத் தளர்த்தினான், கொஞ்சம் நின்றான், நீளக் கம்பால் தொட்டுப் பார்த்தான். பாதி உயிரோடு கிடக்கும் சேவல் கால் முள்ளால் கையைக் கிழித்துவிடும். எது அசையவில்லையோ அதைத்தான் எடுத்தான். இப்படி இருபது பறவைகள்.

இருபத்தொன்றாவதாக நின்றது ஒரு சேவல். அப்படி ஒரு சேவலை அந்த மலை பார்த்திருக்காது. வால் மட்டும் ஒரு முழம். தனியாக ஒரு மரத்தடியில் நின்றது. சேந்தன் இருபதடிக்குள் போயும் அது தலையைத் தூக்கவில்லை. அம்பு போனது. விழுந்தது.

கடம்பர் துள்ளிக் குதித்தார். வேட்டையில் எல்லாவற்றிலும் பெரியதான மூத்த பறவை ஊர்த் தலைவர் இலைக்கு வரும் என்பது அங்கே வழக்கம். அதில் முதல் துண்டை அவர் வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்குப் பிட்டுக் கொடுப்பார். அந்த வருஷம் அப்படி மூன்று பெண்கள் இருந்தார்கள். முன்னால் போய் ஊருக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கடம்பர் இறங்கி ஓடியே போனார்.

சேந்தன் பறவைகளைச் சுனைக்குக் கொஞ்சம் தள்ளி, நிழலில் பாறைமேல் வைத்தான். சுனை நீரில் அழுக்குப் படக்கூடாது என்று குடுக்கையில் மொண்டு வந்தான். ஒவ்வொன்றாகக் கீறி, குடலையும் இரைப்பையையும் எடுத்துப் போட்டு, உள்ளே கழுவி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் கம்பில் தொங்கவிட்டான். மலைக்காற்று நன்றாக அடித்தது. வேலை ஓட ஓட அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. பெரிய சேவலை மட்டும் தனிப் பாறையில் கடைசிக்கு வைத்திருந்தான், பலகாரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும் பிள்ளைபோல.

அதையும் கீறினான். ஈரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

சேந்தன் உட்கார்ந்துவிட்டான். அது ஏன் தலையைத் தூக்கவில்லை என்று இப்போது புரிந்தது.

சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. ஈரலைத் தூக்கி எறிந்தால் போயிற்று. மிளகு இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, வெந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று மனசு நியாயம் பேசியது. கடம்பர் இந்நேரம் ஊருக்குப் போய்ச் சொல்லியிருப்பார், எல்லாரும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்றும் அதே மனசு சொன்னது. அந்த முதல் துண்டு யார் வாய்க்குப் போகும் என்பதையும் அதுவேதான் சொன்னது.

மண்வெட்டி இல்லை. வில்லின் முனையால் தோண்டினான். இருபது வருஷம் தரையில் படாத வில். பாதிக் குழியில் முனை முறிந்தது. மிச்சத்தைக் கையால் தோண்டினான். சேவலை வாலோடு உள்ளே வைத்து, மண் போட்டு, நரி கிளறாமல் பாறாங்கல்லைப் புரட்டி வைத்தான். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, கத்தியை நெருப்பில் காட்டினான். கையைச் சாம்பல் போட்டு முழங்கைவரை மூன்று தடவை தேய்த்துக் கழுவினான். பிறகு இருபது பறவைகளை மஞ்சள் துணியால் மூடிக்கொண்டு, திறந்த வழியாகவே நடந்து இறங்கினான்.

ஊர் வாசலில் பறையோடு காத்திருந்தார்கள். கடம்பர் முன்னால் வந்து துணியை விலக்கினார். மறுபடி விலக்கினார்.

“சேவல் எங்கே?”

“புதைச்சுட்டேன், தலைவரே.”

ஈரலில் நோய் என்று சேந்தன் சொன்னான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நரி தூக்கிப் போயிருக்கும் என்றார் ஒருவர். தலைவர் கனவு கண்டிருப்பார் என்றார் இன்னொருவர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கடம்பருக்கு முகம் கறுத்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று மூன்று பேரிடம் போய்ப் புலம்பினார்.

கொற்றி அருகே வந்தாள். ஒவ்வொரு பறவையாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தன. சேந்தனின் கத்தியை வாங்கி, கறுத்திருந்த அலகைப் பார்த்தாள். முறிந்த வில் முனையையும், கழுவியும் போகாமல் நகத்தில் ஏறியிருந்த மண்ணையும் பார்த்தாள். அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சேந்தனுக்கு அதுதான் வலித்தது. பின்னாலேயே போய்க் கேட்டான்.

“எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மூப்பத்தி.”

“இன்னும் யாரும் எந்திரிக்கலியே, அண்ணே.”

சாயங்காலம் விருந்து நடந்தது. கறி மணத்தில் ஊர் கோபத்தை மறந்தது. கடம்பர் மட்டும் மறக்கவில்லை. மறப்பதற்காகக் கள்ளைக் கொஞ்சம் கூடுதலாகவே குடித்தார்.

மறுநாள் சேந்தன் எல்லாருக்கும் முன்னால் எழுந்து ஊர் நடுவில் வந்து நின்றான். குடிசைக் கதவுகள் திறந்தன. ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. பிள்ளைகள் வந்தன. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் மூன்று பேரும் வந்து முகம் கழுவினார்கள். மூன்றாமவள் கொப்புளித்துத் துப்பிவிட்டுப் பழங்கறி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். சேந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐம்பத்தொன்பது பேர் ஆயிற்று. ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை.

கடம்பர் வீட்டுக் கதவு.

வெயில் கூரைமேல் ஏறியது. எல்லாரும் அந்தக் கதவுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். சேந்தன் இருபது பறவையையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் திரும்பக் கீறிப் பார்த்தான். எதில் பிசகினேன், எதில் பிசகினேன் என்று உதடு முணுமுணுத்தது. எந்தப் போர்க்களத்திலும் அவன் அப்படிப் பயந்ததில்லை.

கதவு திறந்தது. கடம்பர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். தலையைப் பிடித்துக்கொண்டு, என்னவோ இழவு வீடுபோல எல்லாரும் ஏன் நிற்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தார். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார்.

கொற்றி கொம்பை எடுத்து ஊதினாள்.

மலை மூன்று பக்கமும் திருப்பிச் சொன்னது. பெண்கள் குலவையிட்டார்கள். பறை அதிர்ந்தது. பிள்ளைகள் சேந்தனின் முறிந்த வில்லைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பது வயது மனுஷன் அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். நேற்று நரி என்று சொன்னவர்தான் அவனை முதலில் தோளில் தூக்கினார்.

கொம்பு ஊதியதும் வேட்டைக்காரன் பேரையும் அவன் அடித்த மூத்த பறவையையும் சேர்த்துப் பாட்டுக் கட்ட வேண்டும். பறைக்காரர் மூத்தது எது என்று கேட்டார். கம்பில் தொங்கி வந்த இருபதும் ஏறக்குறைய ஒரே அளவு.

“மூப்பத்தியே சொல்லட்டும்” என்றார் கடம்பர். குரலில் நேற்றைய புகைச்சல் இன்னும் இருந்தது. “இந்த வேட்டையில பெரிய பறவை எது?”

பறை நின்றது. தோள்மேல் இருந்த சேந்தனும் அவளையே பார்த்தான்.

கொற்றி சொன்னாள்:

“நீங்க சாப்பிடாதது, தலைவரே.”