ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் இளைய மகள் பியூலா. போன வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்கு வந்தவள், எங்கள் சபைக் கோயில் ஏலத்துக்குக் கொடுக்க நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஓசூர்ப் பக்கம், விமானத்தின் பாகங்களை அடித்துப் பார்க்கிற ஒரு கூடத்தில் அவளுக்கு வேலை. மேலே போய் உடையக்கூடாது என்பதற்காகத் தரையிலேயே உடைத்துப் பார்ப்பார்களாம். அவள் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பாதியை எழுதுகிறேன்.

அந்தக் கூடத்தில் ஒரு பலகை இருந்தது. மரப்பலகை அல்ல. கார்பன் துணியைப் பதினாறு அடுக்காக அடுக்கி, நடுநடுவே பசை வைத்து, அடுப்பில் வேகவைத்த கறுப்புப் பலகை. இரும்பைப்போல உறுதி. உடம்பில் கனமே கிடையாது, தலைக்கனம் மட்டும் உண்டு.

அதற்கு ஒரு தங்கை. அதே துணிச்சுருளில் வெட்டியது, இன்னும் அடுப்புக்குப் போகவில்லை. அக்காள் அடி வாங்கித் தேறினால், அதே கணக்கில் தங்கையைச் செய்து விமானத்தின் இறக்கைக்கு அனுப்புவார்கள். அதுதான் ஏற்பாடு.

பலகைக்கு நேர் மேலே, உயரமான கம்பத்தில் ஒரு இரும்புக் குண்டு தொங்கியது. ஏறுவதும் விழுவதும்தான் அதன் தொழில். ஆனாலும் இளகின மனசு. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் விழும்.

"தாயி, கோவிச்சுக்கிடாதே. வாரேன்."

"வாங்க அண்ணாச்சி," என்றது பலகை, கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல.

மூலையில் கம்ப்யூட்டருக்குள் கணக்கு உட்கார்ந்திருந்தது. எதை அடித்தால் எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்வது அதன் உத்தியோகம். "ஒன்பதாவது அடுக்குக்கும் பத்தாவது அடுக்குக்கும் நடுவில பிரியும். குன்றிமணி அளவு. வேணும்னா எழுதி வச்சுக்கோங்க," என்றது.

"நீ என்னைக்காவது அடி வாங்கியிருக்கியா?" என்று கேட்டது குண்டு.

"நாலாயிரம் தடவை."

"எங்கே?"

"எனக்குள்ளதான்."

"அதுக்குப் பேரு அடி இல்ல தம்பி, யோசனை," என்று சொல்லிவிட்டுக் குண்டு விழுந்தது.

பலகையின் மேல் ஒரு கீறல் இல்லை. பளபளவென்று இருந்தது. உள்ளேதான் ஒன்பதும் பத்தும் பிய்ந்துபோய் நின்றன. நடுவிலிருந்த பசை, அண்ணன் தம்பி சண்டையில் மாட்டிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரைப்போல, யார் பக்கம் போவதென்று தெரியாமல் முழித்தது.

"விட்டுப்போச்சு," என்றது ஒன்பது.

"மூச்சுக் காட்டாதே, வெளியே கேக்கும். நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேரு இருக்கு," என்று பலகை அதட்டியது.

பியூலாவும், அவளோடு வேலை பார்க்கிற மாசிலாமணி அண்ணனும் வந்து குனிந்து பார்த்தார்கள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வச்சது வச்ச மாதிரி இருக்கு."

"ஒண்ணுமில்லை," என்றது பலகையும்.

"எதுக்கும் ஒரு தட்டு தட்டிப் பாத்திருங்கண்ணே."

தட்டிப் பார்ப்பதற்கென்றே மாசிலாமணி அண்ணன் சட்டைப்பையில் ஒரு பழைய எட்டணாக் காசு இருந்தது. கடையில் அதை யாரும் வாங்குவதில்லை. அதனால் பலகைகளை நலம் விசாரிக்கிற வேலைக்கு வந்துவிட்டது. நல்ல பலகையைத் தட்டினால் டிங் என்று கேட்கும். உள்ளே பிரிந்திருந்தால் டொக்.

எட்டணா ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தது. டிங். "சௌக்கியமா பிள்ளே?" டிங். "உள்ள எல்லாரும் ஒத்துமையா இருக்காங்களா?"

"ஒத்துமைக்கு என்ன குறைச்சல்? நீங்க சாப்டீங்களா அக்கா? அந்த ஓரமாப் போய்த் தட்டுங்க, காத்து நல்லா வரும்."

"பேச்சை மாத்துதியே," என்று எட்டணா நேராக நடுவுக்கு வந்து தட்டியது. டொக்.

அந்த நேரம் பார்த்து மாசிலாமணி அண்ணனின் போன் அடித்தது. வீட்டிலிருந்து, தேங்காய் வாங்கி வரச் சொல்லி. "சரி, ரெண்டுதானே, முத்தலா இளசா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் டொக் அவர் காதில் ஏறாமலே போய்விட்டது. அப்புறம் தட்டினதெல்லாம் டிங்.

பியூலா 'சேதமில்லை' என்று எழுதினாள். "அப்போ நம்ம கணக்குதான் தப்புண்ணே. பலகை நாம நினைச்சதைவிட உறுதி. இறக்கையில ரெண்டு அடுக்கு குறைச்சிரலாம். எடை மிச்சம்."

கணக்கு முகம் சுருங்கிப் போனது. பலகை பெருமையில் நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் சுருக்கென்று வலித்ததால் பாதியில் விட்டுவிட்டது.

தள்ளுவண்டியில் கிடந்த தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, எல்லாம் உன்னாலதான். ரெண்டு அடுக்கு குறைக்கப்போறாங்க. நான் ஒல்லியாயிருவேன்."

பலகை குண்டிடம் மெல்லக் கேட்டது. "அண்ணாச்சி, ஆகாசத்துல உங்களை மாதிரி யாரும் இருக்காங்களா?"

"இருக்காங்களே. ஆலங்கட்டி இருக்கு, கழுகு இருக்கு. கீழ ஓடுறப்போ தெறிக்கிற கல்லு இருக்கு. நான் சொல்லிட்டு விழுறவன் தாயி. அவங்க சொல்லமாட்டாங்க."

"விமானத்துல எத்தனை பேரு போவாங்க?"

"நூத்தி எண்பது பேரு," என்றது கணக்கு. அதற்கு இதெல்லாம் அத்துபடி. "கைப்பிள்ளைங்களை அதுல சேக்கலை. அதுங்களுக்கு சீட்டு கிடையாது, மடியிலேயே வரும்."

சொன்னால் தன்னைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று பலகைக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தங்கை அந்த மெலிந்த உடம்போடு மேலே போகும். இரண்டையும் அது மாறி மாறி நினைத்துப் பார்த்தது.

"எட்டணா அக்கா, நடுவில இன்னொரு தடவை தட்டுங்க."

"இப்பதானே ஒத்துமைன்னு சொன்னே?"

"சொன்னேன். இல்லை."

எட்டணா அதற்குமேல் துருவவில்லை. மாசிலாமணி அண்ணன் பைக்குள் போடப்போகையில் விரலிடுக்கில் வழுக்கி, பலகையின் நடுவில் போய் விழுந்தது. பலகை இந்தத் தடவை பேச்சை மாற்றவில்லை. அடக்கி வைத்திருந்ததை அப்படியே விட்டது. டொக்.

மாசிலாமணி அண்ணன் நின்றுவிட்டார். "பியூலாம்மா, கொஞ்சம் வா. இது சரியில்ல."

உள்ளே பார்க்கிற ஸ்கேன் வைத்தார்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில், கணக்கு சொன்ன அதே இடத்தில் பிரிந்திருந்தது. ஆனால் குன்றிமணி அளவு இல்லை. உள்ளங்கை அளவு.

"இடம் சரிதானே?" என்றது கணக்கு.

"இடமெல்லாம் சரிதான் தம்பி. வலி எவ்வளவுன்னுதான் உனக்குத் தெரியலை," என்றது குண்டு.

கணக்கு அன்று முழுவதும் தன்னைத் திருத்தித் திருத்தி எழுதியது. இறக்கையில் இரண்டு அடுக்கு குறைப்பது போய், இரண்டு அடுக்கு கூட்டுவதென்று முடிவாயிற்று. தங்கைதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "என்னைக் குண்டாக்கிட்டீங்க."

"குண்டுன்னா என்ன கேவலமா?" என்று கேட்டது குண்டு.

பலகை குப்பைத்தொட்டிக்குக் காத்திருந்தது. பியூலா அதைக் கையில் எடுத்து, பிரிந்த இடத்தைச் சுற்றி வெள்ளை மார்க்கரால் ஒரு வட்டம் போட்டாள். "இதை யாரும் தூக்கி எறிஞ்சிராதீங்கண்ணே. நாலாயிரம் கணக்குப் போட்டும் தெரியாததை இது ஒண்ணுதான் நமக்குச் சொல்லியிருக்கு."

அவ்வளவுதான் கதை. ஜெபத்தில் முழங்கால் போட்டுக்கூட "ஒண்ணுமில்லை ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர் பொறுமையாக இன்னொரு தடவை தட்டுகிறார். நாம்தான் ஒருவரையொருவர் ஒரு தட்டோடு விட்டுவிடுகிறோம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு உங்கள் வீட்டில் யாராவது "ஒண்ணுமில்லை" என்று சொன்னால், உடனே எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவை கேளுங்கள்.