பூங்கா வேலியில் ஒரு பேனர்

பூங்கா என்று பேர்தானே தவிர அதில் பூ கிடையாது. திறப்பு விழாவுக்கு லாரியில் கொண்டுவந்து இறக்கிய பூந்தொட்டிகளை, விழா முடிந்த கையோடு அதே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு வேப்பமரம், கால் உடைந்த சறுக்குமரம், தண்ணீரையே பார்க்காத ஒரு நீரூற்று. ஆனாலும் சுற்றியிருந்த தெருக்களில் ஒண்டுக் குடித்தனம் இருப்பவர்களுக்குக் காலை நீட்டி உட்கார அதை விட்டால் வேறு இடமில்லை. சாயங்காலமானால் கூட்டம் நெரியும்.

பூவுக்குப் பதிலாக அங்கே முகங்கள் இருந்தன. தெருவில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் பூங்காவின் கம்பி வேலியில்தான் ஏறும். வேலியின் தெருப்பக்கம் உயிரோடு இருக்கும் தலைவர்களுக்கு, உட்பக்கம் செத்தவர்களுக்கு. கூலிங்கிளாஸ் போட்ட முகம், கல்யாண மாலையோடு எடுத்த முகம், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய மங்கல் முகம். வயசாகிச் செத்தவர்கள் அதில் குறைச்சல்.

அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. பேனரைக் கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். வேறு எவன் கை வைத்தாலும் செத்தவன் மேலேயே கை வைத்த மாதிரி. குப்பை பொறுக்க வருகிறவர்கள்கூட அதைத் தொடாமல் விலகிப் போவார்கள்.

பூங்காவின் பின்சுவரை ஒட்டி ஒரு சித்தர் சமாதி. அதைப் பார்த்துக்கொள்பவர் வேலாயுத சாமி. சாமி என்றதும் தாடியும் காவியும் நினைக்க வேண்டாம். மழுங்கச் சவரம் செய்த முகம், சாயம் போன பனியன், நாலு முழ வேட்டி. ஒரு காலத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அவரிடம் சீடனாக இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அழுதுகொண்டு போனாலும் கிண்டல்தான் முதலில் வரும்.

எத்திராஜ் அவரைவிட மூத்தவர். மூட்டை தூக்கியே தோள் காய்த்துப் போன மனிதர். மூத்த பிள்ளை செத்த நாளிலிருந்து தினமும் வந்து சமாதியைக் கழுவி, விளக்கு ஏற்றி, சாமியின் எதிரில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அன்றைக்கு விளக்கு ஏற்றவில்லை. வந்ததும் கேட்டார்.

"சாமி, பழி தீத்தா மனசு ஆறுமா?"

"யாரு மனசு?"

"என்னுதுதான்."

சாமிக்கு விஷயம் தெரியும். தெருவுக்கே தெரியும். எத்திராஜின் மூத்த பிள்ளை பிரதாப், பூங்காவில் பந்து விளையாடும்போது வந்த வாய்த்தகராறில் தினகரன் என்ற பையனைக் குத்திவிட்டான். தினகரன் செத்துப்போனான். அவன் அப்பா லோகநாதனும் எத்திராஜும் ஒரே குடோனில் மூட்டை தூக்கியவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். பிரதாப் ஜாமீனில் வெளியே வந்ததும் லோகநாதனின் அண்ணன் பிள்ளைகள் அவனைப் பூங்கா வாசலிலேயே வெட்டிப் போட்டார்கள்.

எத்திராஜ் மகனுக்குப் பேனர் அடித்துக்கொண்டு வந்தார். வாசலை ஒட்டி, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஏற்கெனவே தினகரனின் பேனர் இருந்தது. அதன் மேலேயே, தினகரன் முகம் துளிகூடத் தெரியாதபடி, தன் பிள்ளையைக் கட்டினார். லோகநாதன் பார்த்துக்கொண்டுதான் நின்றார். இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது.

"பசங்க வந்தானுங்க சாமி," என்றார் எத்திராஜ். "பிரதாப்பு கூட்டாளிங்க. சின்னவன் கிஷோரும் அவனுங்களோட சேந்துக்கினான். ஸ்கெட்ச்சு போட்டு வெச்சிக்கினு கீறானுங்க. வருஷ தெவசத்துக்குள்ள லோகநாதன முடிச்சிடுவோம், நைனா நீ ஒரு வார்த்த சொல்லு போதும்னு சின்னவன் கேக்கறான். இன்னிக்கு பொழுது சாயறதுக்குள்ள சொல்லணும்."

"நீ இன்னா சொன்ன?"

"சாமிய கேட்டுக்கினு வந்து சொல்றேன்னேன்."

"நல்லா கீதே. கத்தி எடுக்கறதுக்கும் எங்கிட்ட நல்ல நேரம் பாக்க வந்துட்டியா?"

எத்திராஜ் சிரிக்கவில்லை.

"வெளையாடாத சாமி. ஒரு வருசமா நான் ஒழுங்கா தூங்கல. அந்த லோகநாதன் இன்னா பண்றான் தெரியுமா? தெனம் சாய்ங்காலம் வந்து, என் புள்ள பேனருக்கு நேரா பெஞ்சில குந்திக்கினு அதையே பாத்துக்கினு கீறான். என் புள்ள செத்தத பாத்துப் பாத்து சந்தோசப்படறான். அத்ததான் என்னால தாங்க முடியல. நீ சொல்லு. பழி தீத்தா ஆறுமா, ஆறாதா?"

சாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"எனக்குத் தெரியாது எத்திராஜு. நான் யாரையும் பழி தீத்தது இல்ல. தெரிஞ்சவனா பாத்துக் கேக்கலாம், வா."

"யாரு அது?"

சாமி முன்னால் நடந்தார்.

வேப்பமரத்தடியில் கேரம் போர்டைச் சுற்றி இளவட்டங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீரூற்றுத் தொட்டிக்குள் இறங்கிக் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடின. சாமி மரத்தடியோடு நின்றுவிட்டார். வாசல் பக்கமாகக் கையைக் காட்டினார். பேனருக்கு நேர் எதிரே, பெஞ்சின் ஒரு ஓரத்தில் லோகநாதன் உட்கார்ந்திருந்தார்.

"அதோ, பழி தீத்து முடிச்சவன். போய் கேளு, மனசு ஆறிச்சான்னு."



"அவங்கிட்டயா?"

"வேற யாரைக் கேப்ப? செத்தவனக் கேக்க முடியாது. நீ இன்னும் செய்யல, ஒனக்குத் தெரியாது. அவனுக்குத்தான் தெரியும்."

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் எத்திராஜ் நினைத்தார். சாமி மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் பதில் தெரியாமல் வீட்டுக்குப் போக முடியாது. வீட்டில் சின்னவன் காத்துக்கொண்டிருந்தான். அவர் நடந்துபோய்ப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

கேரம் சத்தம் நின்றது. பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார்கள்.

"லோகு," என்றார் எத்திராஜ். குடோனில் கூப்பிட்ட பேர் தானாக வாயில் வந்துவிட்டது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

லோகநாதன் திரும்பினார். கன்னம் ஒட்டி, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"குத்தறதா இருந்தா குத்திட்டுப் போ எத்திராஜு. நான் எய்ந்து ஓட மாட்டேன்."

"குத்த வரல. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"என் புள்ளய உங்க ஆளுங்க வெட்டினானுங்களே. ஒனக்கு ஆறிச்சா?"



"பொய் சொல்ல மாட்டேன். சேதி வந்தப்போ ஆறின மாதிரிதான் இருந்திச்சு. சோறு கேட்டு வாங்கித் துன்னேன். தினா போன அப்பால அன்னிக்குத்தான் வயிறு ரொம்பத் துன்னேன்."

அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று எத்திராஜுக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் வெறும் தரையில் கிடந்தார்.

"மறுநா உன் புள்ளய தூக்கிக்கினு போனீங்க," என்றார் லோகநாதன். "மோளம் எங்க ஊட்டாண்ட வந்திச்சு. அந்தச் சத்தத்த கேட்டு எம் பொண்டாட்டி, தினாவத்தான் தூக்கிக்கினு போறாங்கோன்னு நெனச்சிக்கினு வாசலுக்கு ஓடனா. தலைய விரிச்சிப் போட்டுக்கினு, எம் புள்ளய விடுங்கடான்னு கத்திக்கினு ஓடனா. புடிச்சி இஸ்துக்கினு வர ஆளு பத்தல. என் புள்ள அன்னிக்கு ரெண்டாவது தபா செத்தான் எத்திராஜு. துன்ன சோறெல்லாம் வாந்தியா வந்திச்சு. அவளுக்கு இன்னும் சரியாவல. எங்க மோளம் அடிச்சாலும் வாசலுக்கு ஓடறா."

அந்த மேளத்துக்கு நன்றாக அடிக்கும் ஆட்களாகப் பார்த்து வெளியூரிலிருந்து வரவழைத்தவர் எத்திராஜ்தான். லோகநாதன் வீட்டு முன்னால் நிறுத்தி அடிக்கச் சொன்னதும் அவர்தான்.

"அப்புறம் இன்னாத்துக்கு தெனம் வந்து குந்திக்கினு என் புள்ள மூஞ்சியப் பாக்கற?" என்றார்.

"உன் புள்ளய யாரு பாத்தா? என் புள்ள அதுக்குப் பின்னால கீறான்."

எத்திராஜ் பேனரைப் பார்த்தார்.

"ஊட்ல அவன் போட்டோ மாட்ட முடியாது. பாத்தா அவ மண்டையில மோதிக்கறா. எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சி வெச்சிட்டோம். பெருசா, நல்லா தெரியற மாதிரி கீறது இது ஒண்ணுதான். நீ மேல கட்டிட்ட. நான் கை வெக்கக் கூடாது. அதான் வந்து குந்தறேன். உள்ள கீறான்னு நெனச்சிக்கினு எய்ந்து போயிடறேன்."



எத்திராஜ் எழுந்து வேலியிடம் போனார். நைலான் கயிறு வெயிலிலும் மழையிலும் இறுகிப்போயிருந்தது. அன்றைக்கு எந்த வெறியில் முடிச்சுப் போட்டாரோ, விரலுக்கு அகப்படவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். நகம் பிய்ந்தது. ஒவ்வொரு மூலையாக அவிழ்ந்து, பேனர் சரிந்து அவர் கைக்கு வந்தது.

தன் பிள்ளையின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. தாங்காது என்று தூரத்திலிருந்தே தலையைத் திருப்பிக்கொள்வார். இப்போது பார்த்தால் முகமே இல்லை. ஒரு வருஷ வெயில் கண்ணையும் மூக்கையும் தின்றுவிட்டு, தலைமுடி இருந்த இடத்தில் மட்டும் ஒரு கருப்புக் கறையை விட்டிருந்தது.

பின்னால் இருந்த தினகரன் மேல் அந்த ஒரு வருஷமும் வெயில் படவே இல்லை. மூடிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தான். அரும்பு மீசை, நீலச் சட்டை, தெற்றுப்பல் தெரியச் சிரிப்பு. இத்தனை நாளும் எத்திராஜின் பிள்ளை தன்மேல் வெயிலை வாங்கிக்கொண்டு லோகநாதன் பிள்ளையைக் காப்பாற்றி வைத்திருந்தான்.

லோகநாதன் மெதுவாக வந்து, தினகரனின் கன்னத்தில் கை வைத்து நின்றார். எத்திராஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பேனரைச் சுருட்டும்போது அதன் அடி ஓரம் கண்ணில் பட்டது. 'இப்படிக்கு' என்று போட்டு, துக்கப்படுகிறவர்களின் சின்னச் சின்னப் போட்டோக்கள். அந்த ஓரம் புதர் மறைவில் இருந்ததால் வெளுக்கவில்லை. வரிசையில் முதலாவதாகக் கிஷோர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எத்திராஜ் பேனரை அவசரமாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

சாமி மரத்தடியிலேயே நின்றிருந்தார். வெயில் சரிந்துவிட்டது. எத்திராஜ் அவர் எதிரில் வந்து நின்றார். பழியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

"சாமி, இத்த இப்போ எங்க கட்டறது? வேலில எடம் இல்ல."

"உன் ஊட்டுக்கு வாசல் ஒண்ணுதான?"

"ஆமா."

"அதுக்குக் குறுக்கால கட்டு. மேலயும் கீழயும் நல்லா இறுக்கிக் கட்டு."

"வாசலை அடச்சிட்டா சின்னவன் எப்டி வெளிய போவான்?"

"அவுத்தாதான் போவ முடியும்," என்றார் சாமி. "கட்டினவன்தான அவுக்கணும்?"