மேஷத்தின் பேர் மகளோடு போன கதை

ஆடும் மீனும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், சூரியன் தங்கிப் போக வானத்தில் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. முதல் வீடு மேஷம். அங்கே ஒரு செம்மறித் தாயும் அவள் மகள் சமநாளும் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருநாள் பகலையும் இரவையும் தராசில் வைத்துச் சரியாக நிறுப்பதுதான் மகளுக்கு வேலை. அன்றைக்குச் சூரியன் அந்த வாசலை மிதிப்பான். வருஷம் பிறக்கும்.

கோயிலில் சாமிக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து வருகிறோமே, பெற்றவளிடமும் அப்படித்தான் விடைபெற வேண்டும் என்று செம்மறி சொல்லி வளர்த்திருந்தாள். மகளும் நிறுத்து முடித்ததும் கும்பிட்டு, எள்ளளவு பின்னால் நகர்வாள். நகர்ந்த இடத்தில் நின்றுதான் மறு வருஷம் நிறுப்பாள். ஒருமுறை நகர்ந்தால் முன்னால் வரக்கூடாது. அது அந்த வேலைக்கு விதி.

எள்ளளவுதானே என்று தாய் இருந்துவிட்டாள். பல நூறு வருஷம் போய் ஒருநாள் பார்த்தால், பிள்ளை வாசலைத் தாண்டிப் பக்கத்து மீன வீட்டில் நிற்கிறாள்.

மீன் சிரித்தது. “எங்கள் வீட்டில் நின்றால் இனி மீனத்துப் பெண்தானே, அக்கா?”

சமநாள் தலை குனிந்தாள். திரும்பி, வழியைப் பார்த்து நடந்து போ கண்ணே என்று ஒருநாளாவது சொன்னோமா என்று செம்மறி நினைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

“அவள் எங்கே நின்றாலும் அந்த இடத்துக்கு மேஷம் என்றே பேர். என் பேர் அவளோடு போகட்டும்.”

“நீயும் வந்துவிடேன் அம்மா.”

“நட்சத்திரமெல்லாம் இந்த வீட்டில் கிடக்கிறது. போட்டுவிட்டு எப்படி வருவேன்?”

இப்போது சூரியன் மகளைப் பார்த்த பிறகு, இருபத்துநாலு நாள் நடந்துதான் தாய் வீட்டுக்கு வருகிறான். வந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

“சரியாக நிறுத்தாளா?”

“நிறுத்தாள். உன்னைப் பார்த்துக் கும்பிட்டாள். இன்னும் எள்ளளவு தள்ளிப் போனாள்.”

தாய் பேரைக் கொடுத்த அன்றிலிருந்துதான் வானத்தில் மேஷம் இரண்டாயிற்று. மேல்நாட்டார், மகள் நிற்கும் இடத்தைக் கணக்கில் கொண்டு, நமக்குப் பங்குனி நடக்கும்போதே மேஷம் பிறந்தது என்கிறார்கள். நாம் மட்டும் சித்திரை முதல் தேதிவரை காத்திருந்து, அந்தத் தாய் தனியாக இருக்கும் வீட்டில் வருஷத்தைத் தொடங்குகிறோம்.