துக்க வீட்டுக்கு வராத விருந்தாளி

கடைசிவரை இருந்து கேளுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல யோக்கியதை கிடையாது.

செங்குளத்தில் புதுப் பேருந்து நிலையம் கட்டினார்கள். அதற்கு மறைந்த எம்.எல்.ஏ. தாண்டவமூர்த்தியின் பெயரை வைக்கலாம் என்றதுமே ஊர் இரண்டுபட்டது. ரயில் பாலத்துக்குக் குண்டு வைத்த கோடரிப் படை என்ற கும்பலுக்கு அந்த மனிதர் ரகசியப் புகலிடம் என்று அந்தக் காலத்திலேயே ஒரு பேச்சு. குண்டில் செத்தவர் பாலத்துக் காவலாளி. அவருடைய மகன் பிச்சையா கொதித்தார். "எங்கப்பனைக் கொன்னவனுக்குச் சோறு போட்டவர் பேரு பஸ் ஸ்டாண்டுக்கா?" பெயரை வைத்தே ஆகவேண்டும் என்று நின்றவள் தாண்டவமூர்த்தியின் மகள் வடிவம்மை.

நகர்மன்றம் இருதரப்பையும் கூப்பிட்டது. பிச்சையா எழுந்தார்.

"தாண்டவமூர்த்தியோட அண்ணன் செத்த அன்னைக்கு நான் அங்க பந்தல் போட்டுக்கிட்டு இருந்தேன். படைத்தலைவன் கந்தவேல் வந்தான். கொல்லைப்பக்கம் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினாங்க. கிளம்பும்போது 'போயிட்டு வரேண்ணே'ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு."

வடிவம்மையின் வக்கீல் இசக்கிராஜன் சிரித்தார். "துக்க வீட்டுல எவனாவது போயிட்டு வரேன்னு சொல்வானாய்யா? சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போறதுதானே வழக்கம்? கதை கட்டுறதையாவது ஒழுங்காக் கட்டக் கூடாதா?"

மன்றம் கொல்லென்று சிரித்தது. பாவம், பிச்சையாவின் முகம் செத்துப்போயிற்று. அவர் வடிவம்மையிடம் திரும்பினார்.

"நான் பாக்கலைம்மா. ஊருல பேசினதைப் பாத்த மாதிரி சொல்லிட்டேன், தப்புதான். நீங்க சொல்லுங்க. கந்தவேல் உங்க வீட்டுக்கு வந்தானா, இல்லையா?"

"பெரியப்பா செத்த அன்னைக்கு அவர் வரவே இல்லை" என்றாள் வடிவம்மை. அப்பா பெயர் ஜெயித்தது.

நமக்குள் இருக்கட்டும், கந்தவேல் வந்தது பாலம் வெடித்த மறுநாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த வடிவம்மைதான் அவனுக்கு இலை போட்டாள். அவன் கையில் தீக்காயம். "விருந்தாளிம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார் அப்பா. குண்டு விஷயம் அவருக்கு முன்பே தெரியுமா? அது அவளுக்கே தெரியாது. கேட்கப் பயந்து கேட்காமலே இருந்துவிட்டாள்.

பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவர் பிச்சையா. அந்தப் பொய்யை உடைத்தவர் வக்கீல். வடிவம்மையோ ஒரு வார்த்தைகூடப் பொய் பேசவில்லை. சொல்லுங்கள், மூவரில் யார் மேல் குற்றம்?

விடை: வக்கீலை விடுங்கள், கண்ணுக்கு முன்னால் இருந்த பொய்யை அவர் பிடித்தார். பிச்சையா பொய் சொன்னார், சபையிலேயே ஒப்புக்கொண்டும் விட்டார். குற்றம் வடிவம்மை மேல்தான். அப்பாவைத் துரோகி என்று அவள் சொல்லியிருக்க வேண்டாம். இலை போட்டதைச் சொல்லியிருந்தால் போதும், மிச்சத்தை ஊர் பேசித் தீர்த்திருக்கும். அவள் அப்பா பெயரைக் காப்பாற்றிக்கொண்டாள். பிச்சையா வெளியூர் போவதென்றால் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழேதான் நிற்க வேண்டும். டீக்கடையில் இருப்பவர்கள் அவரைக் கண்டதும், "பொய்யன் வர்றான் பாருடா" என்று சிரிக்கிறார்கள்.