உள்ளே விட்ட துணி

பவளக்கொடியிடம் தையல் கற்க வந்தபோது தங்கமணிக்கு வயது ஐம்பத்தொன்று. சொல்லித் தருகிறவள் பத்து வயது இளையவள். அவள் இவளை "அக்கா" என்பாள், இவள் அவளை "டீச்சர்" என்பாள். பொள்ளாச்சி சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கடையில் யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை.

தங்கமணிக்குத் தையல் சீக்கிரமே கைவந்துவிட்டது. அளவு கொடுத்த ஆளின் முகம்தான் மறுநாளே மறந்துவிடும்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அளவு நோட்டில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு காயின் பெயரை எழுதி வைத்தாள். முருங்கைக்காய், சுரைக்காய், பூசணி. முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்பதெல்லாம் மனதில் நிற்காது. சுரைக்காய் என்றால் ஆளே எதிரில் வந்து நிற்பாள். தான் யாரையும் கேலி செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தாரணி தன் கல்யாண ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வந்த அன்று நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தப் பெண் தன் பெயரைப் பார்த்தாள். பக்கத்தில் பூசணி என்று இருந்ததைப் படித்தாள். ஜாக்கெட் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கமணி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் படியிறங்கியதும் எல்லாக் காய்களையும் ரப்பரால் அழித்தாள். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. தாரணியின் அம்மா வந்து சண்டை பிடிப்பாளோ என்று ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வரவில்லை. தாரணிதான் வந்தாள்.

"லூசா இருக்குதுங்க அக்கா. பிடிச்சுக் குடுங்க."

ஒரு இஞ்ச் பிடித்துக் கொடுத்தாள். ஆறு நாள் கழித்து இன்னொரு இஞ்ச்.

மூன்றாம் முறை வந்தபோது கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். டேப்பைச் சுற்றிய தங்கமணியின் விரலில் விலா எலும்பு தட்டியது. உடம்பு ஜில்லென்று இருந்தது.

"சாப்பிட்டயா கண்ணு?"

"தண்ணி குடிச்சேனுங்க."

"எத்தன நாளா இப்படி?"

தாரணி ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். "உள்ள விட்டிருக்கிற துணிய வெட்டிப்போடுங்க அக்கா. இனி பிரிக்கற வேலையே வராது."

உடம்பு பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ள, எந்த ஜாக்கெட்டிலும் இரண்டு பக்கமும் துணி விட்டுத்தான் தைப்பார்கள். அதை வெட்டச் சொன்ன பெண் அந்தக் கடைக்கு அதுவரை வந்ததில்லை.

தாரணி மேசை மேல் இருந்த நோட்டைப் பார்த்தாள். "இப்ப நான் என்ன காய்ங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். தங்கமணி நோட்டை மூடினாள். அம்மா வந்து நிற்பாளோ என்ற பயம் போய், கேட்கக் கூடாத செய்தி ஏதாவது வந்து நிற்குமோ என்ற பயம் வந்தது.

அந்தப் பெண் போனதும் தங்கமணி கடையின் தடுப்புக்குப் பின்னால் போனாள். பவளக்கொடி அங்கே துணி வெட்டிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லத் தங்கமணிக்குத் தைரியமில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை.

"டீச்சர், ஒரு பொம்பளையோட உடம்ப என்னன்னு எழுதோணும்?"

பவளக்கொடி அலமாரியிலிருந்து தன் பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் போட்டாள். பிரித்துப் பிரித்துத் தைத்ததில் நாலு வரிசை ஊசித் தடம் இருந்தது.

"இது எங் கல்யாணத்துக்கு. இது பையன் பொறந்தப்புறம். இது மஞ்சக்காமாலைல கெடந்தப்ப. இது இப்ப." நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு நேரா பூசணின்னு எழுதட்டும்?"

தங்கமணிக்கு விளங்கிவிட்டது. அழித்த பக்கத்தை டீச்சர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"ஞாபகத்துக்குத்தான் எழுதினேனுங்க."

"அந்தப் புள்ள நல்லா ஞாபகம் வெச்சிருக்குது."

பவளக்கொடி தாரணியின் ஜாக்கெட்டை எடுத்து வைத்தாள். பக்கத்தில் கத்தரியையும் வைத்தாள். "வெட்டச் சொல்லிட்டுப் போயிருக்குது. வெட்டுங்க."

தங்கமணி கத்தரியை எடுத்தாள். அரக்குப் பட்டு. உள்ளே விட்ட துணியைக் கத்தரி வாய்க்குள் வைத்தாள். இதை வெட்டினால் அந்தப் பெண் இனி சாப்பிடவே மாட்டாள் என்று தோன்றியது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"முடியலீங்க டீச்சர்."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"நாந்தான் எழுதினேன்னு."

"கல்யாண வீடுங்க. அத்தன சொந்தக்காரங்க முன்னால அந்தப் புள்ள எம் மூஞ்சில காறித் துப்பிட்டா?"

பவளக்கொடி கத்தரியை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"துப்பறதுக்கும் தெம்பு வேணுமில்லீங்களா அக்கா. போறப்ப சோறு எடுத்துட்டுப் போங்க."