நரி கொடுத்த மருந்து இலை

"நரிக்கே உங்கள் குளம்பு! நரிக்கே உங்கள் பாதம்!"

ஏரிக்கரையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான் மூக்கன் என்ற காட்டுப்பன்றி.

ஏழு குன்றுகள் சேர்ந்த பெருங்காடு அது. மூன்று மழைக்காலத்துக்கு ஒரு முறை காடு முழுவதற்கும் தேர்தல் நடக்கும். ஏரிக்கரையின் ஈரக் களிமண்ணில் நடுவே ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். யாரை விரும்புகிறதோ அவர் பக்கத்தில் ஒவ்வொரு விலங்கும் ஒரே ஒரு தடம் பதிக்க வேண்டும். ஆந்தை எண்ணிச் சொல்லும். எண்ணி முடித்த உடனே எருமைகள் இறங்கிப் புரண்டு கரையைக் கலக்கிவிடும். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது சேற்றோடு போய்விடும். அதுதான் காட்டு வழக்கம்.

இந்த முறை போட்டி கிழக் கடமானுக்கும் நரிக்கும். தலைமையில் இருந்த கடமான் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. பாதி நாள் தூங்கும். ஆனால் மருத மரத்தடியில் கீரி வைத்தியர் இருந்தார். யார் வந்தாலும் பச்சிலை அரைத்துப் போடுவார். வரிசை நீளம்தான். வெயில் ஏறும்வரை நிற்க வேண்டும்தான். ஆனாலும் மருந்தில்லாமல் திரும்பியவர் யாரும் இல்லை.

அந்த வரிசையைத்தான் நரி பிடித்துக்கொண்டது.

"புண்ணும் கையுமாக நீங்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்தால் என் நெஞ்சு வெடிக்கிறது! நான் வந்தால் ஆளுக்கு ஒரு மருந்து இலை தருவேன். அதைக் காட்டினால் போதும், உங்கள் புதரைத் தேடி வைத்தியம் வரும்!"

மூக்கன் மயங்கிப் போனான். நரி அவன் தோளில் கை போட்டு, "மூக்கண்ணே, நீங்கள் இல்லாமல் நான் ஏது!" என்று வேறு சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவி பூவாயியிடம் அளந்தான்.

"இருக்கிற கீரியை விட்டுவிட்டு இலைக்கு அலைவதா?" என்றாள் அவள்.

"அடி போடி! உனக்கு அரசியல் தெரியுமா?"

"அரசியல் தெரியாது. கால் வலித்தால் எங்கே போக வேண்டும் என்று தெரியும்."

"ஒழுங்காக நரிக்குப் போடு!"

"என் குளம்பு, என் இஷ்டம். நீங்கள் கத்தப் போங்கள், தொண்டை ஆறிவிடப் போகிறது!"

நரி வென்றது. எருமைகள் வழக்கம்போல ஏரிக்கு வந்தன. அதற்குள் நரி மூக்கனைத் தனியே அழைத்தது.

"மூக்கண்ணே, இது நம் வெற்றி பதிந்த மண். அழிய விடலாமா? காய்ந்து கல்லாகட்டும். நாளைய தலைமுறை பார்க்கட்டும். எருமைகளை இறங்க விடாதீர்கள்!"

மூக்கன் கரையில் குறுக்கே போய் நின்றுகொண்டான்.

"என்னப்பா மூக்கா, ஏரியை உனக்கு உன் மாமனார் எழுதி வைத்தாரா?" என்று கேட்டது ஓர் எருமை.

"தலைவர் உத்தரவு! திரும்பிப் போ!" என்று கோரைப் பல்லைக் காட்டினான். எட்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் காவல் காத்தான். ஒன்பதாம் நாள் தடங்கள் எல்லாம் செங்கல்போல இறுகிவிட்டன. அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

நரி சொன்னபடி இலை வந்தது. புரச இலை. நடுவில் நரியின் பாதம் அழகாகப் பதிந்திருந்தது. இலை வந்த அன்றே கீரி போய்விட்டார். தலைவரின் வாலில் முடி உதிர்கிறதாம். அதற்குத் தைலம் தடவ அவரைக் குகைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்களாம். மருத மரத்தடியில் பச்சோந்தி உட்கார்ந்தது. நேற்றுவரை கடமானுக்குத் தலையாட்டிய அதே பச்சோந்தி!

பனிக்காலத்தில் கோமாரி வந்தது. குளம்பு உள்ள பிராணிகளுக்கு எல்லாம் வாயில் கொப்புளம், குளம்பிடுக்கில் சீழ். பூவாயி மூன்று நாளாகக் கிழங்கைத் தொடவில்லை. வாயிலிருந்து நூல்நூலாக எச்சில் ஒழுகியது. மூக்கன் அவளைத் தாங்கித் தாங்கி மருத மரத்துக்கு அழைத்துப் போனான்.

"இலை இருக்கிறதா?" என்றது பச்சோந்தி.

"இருக்கிறது."

"என்ன நோய்?"

"கோமாரி. வாயிலும் புண், காலிலும் புண்."

பச்சோந்தி ஒரு கண்ணை மேலேயும் ஒரு கண்ணைக் கீழேயும் உருட்டியது. "கால் புண்ணுக்கு உண்டு. வாய்ப் புண் பட்டியலில் இல்லை."

"சரி, காலுக்காவது மருந்து கொடு!"

"காலும் வாயும் சேர்ந்து வந்தால் அது தனி நோய். அதுவும் பட்டியலில் இல்லை."

குளம்பே இல்லாதவர்கள் உட்கார்ந்து எழுதிய பட்டியல் அது! குளம்பு நோய் அதில் எப்படி இருக்கும்?

"யோவ்! நரிக்காகத் தொண்டை கிழியக் கத்தினவன் நான்!" என்று உறுமினான் மூக்கன்.

பச்சோந்தியின் நிறமே மாறிவிட்டது. "அடடே, நம் ஆளா! முதலிலேயே சொல்வதற்கு என்ன? நம்மவர்களுக்குத் தனி வழி உண்டு. குகையிலேயே கீரி பார்ப்பார். நோயாளி யார்?"

"என் பெண்டாட்டி."

"அப்படியானால் கரையில் அவள் தடத்தைக் காட்டு. நம் பக்கத்தில் இருந்தால் உடனே அனுப்புகிறேன்."

ஏரிக்கரைக்குப் போனார்கள். நரியின் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு பன்றித் தடத்திலும் பூவாயி தன் புண்காலை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒன்று பெரிது. ஒன்று சிறிது. காய்ந்த விளிம்பு அறுத்து ரத்தம் வந்தது. ஐந்தாவது தடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"போதுங்க. தேடாதீங்க. என் தடம் இங்கே இல்லை."

"பூவாயி!"

"கீரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். அது ஒரு குற்றமா?"

பச்சோந்தி கோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தது. பூவாயியின் இடது குளம்பைப் போலவே ஓரத்தில் சின்ன வெடிப்புள்ள தடம் கடமான் பக்கத்தில் அச்சடித்ததுபோல இருந்தது. எட்டு நாள் மூக்கன் காவல் காத்த தடம்!

"எதிர்ப்பக்கத்துக்கு மருந்து இல்லை. அடுத்த தேர்தலில் பார்த்துப் போடச் சொல்," என்று சொல்லிவிட்டு அது நடந்தது.

மூக்கன் குகைக்கு ஓடினான். வாசலில் கழுதைப்புலி மறித்தது.

"மூக்கன் வந்திருக்கிறேன் என்று சொல்!"

உள்ளேயிருந்து நரியின் குரல் கேட்டது. "மூக்கனா? யாரது?"

"ஐயா, என்னை விடுங்கள்! ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்!" என்று கீரி கெஞ்சுவதும் கேட்டது. கழுதைப்புலி கல்லை இழுத்து வாசலை அடைத்தது.

அவன் திரும்பி வந்தபோது பூவாயி ஏரிக்கரையிலேயே இறந்து கிடந்தாள். வாய் தண்ணீர்ப் பக்கம் இருந்தது.

மூன்றாம் நாள் துக்கத்துக்கு நரி வந்தது. கழுத்துக் கொள்ளாத தாமரை மாலை. பின்னால் பச்சோந்தி, இன்று கறுப்பாக இருந்தது. காடே கூடியிருந்தது. பாதிப் பேர் நொண்டியபடி வந்திருந்தார்கள்.

"பூவாயி நம் காட்டுக்கே தாய்!" என்று நரி கண்ணைத் துடைத்தது. "அவள் பெயரில் ஒரு மருத்துவக் குகை கட்டுவேன்! இது சத்தியம்!"

மூக்கன் எழுந்தான். "உயிரோடு இருந்தபோது உன் பட்டியலில் இல்லாதவள், செத்ததும் உன் பேச்சில் மட்டும் எப்படி வந்தாள்?"

"மூக்கண்ணே, துக்கத்தில் பேசுகிறீர்கள்..."

"இன்றைக்கு நான் அண்ணனா? அன்றைக்கு யாரது என்று கேட்டாயே! மாலையை எடு. கீரி எங்கே?"

"அதெல்லாம் நிர்வாக விஷயம்..."

"கீரி எங்கே?" என்றது அன்று விரட்டப்பட்ட எருமை.

"கீரி எங்கே?" என்றன மான்கள். நரிக்குத் தடம் பதித்தவர்களும் கேட்டார்கள், கடமானுக்குப் பதித்தவர்களும் கேட்டார்கள். நொண்டிக்கொண்டே எல்லாரும் குகையை நோக்கி நடந்தார்கள். கூட்டத்தைக் கண்ட கழுதைப்புலி தானே கல்லைத் தள்ளிவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டது. தைலக் கையோடு கீரி வெளியே வந்தார்.

மருத மரத்தடியில் மறுபடி வரிசை நின்றது. அடுத்த தேர்தல்வரை நரிதான் தலைவர். அதை மாற்ற முடியவில்லை. ஆனால் கீரியைத் தொட அதற்குத் துணிவு வரவில்லை. மூக்கன் அந்த மரத்தடியிலேயே கிடந்தான். யாராவது, "நீதானே நரிக்காகக் கத்தினாய்?" என்று கேட்டால் மறுக்கமாட்டான். "ஆமாம். நான்தான்," என்பான்.

மருந்து என்பது வென்றவன் தன் ஆட்களுக்கு அள்ளிக் கொடுக்கும் பரிசு அல்ல. இருக்கிற வைத்தியத்தைக் காக்காமல் வாய்ச்சொல்லுக்கு வாக்கைக் கொடுப்பவன் தன் வீட்டு நோயாளிக்குத் தானே குழி வெட்டுகிறான்.